கோயில் மாத்திரை

பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் கடைக்குப் பெண்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். வந்தவுடன் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் சர்க்கரை மாத்திரையோ மூட்டுவலித் தைலமோ வாங்கிக்கொண்டு நகர்கிறவரைக்கும் இருமல் மிட்டாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த மாத்திரை இருக்கா?" என்பார்கள். எந்த மாத்திரை என்று நான் கேட்டதே இல்லை. மாதவிலக்கை நாலு நாள் தள்ளிப்போடுகிற மாத்திரை. கிரிவலம், கிரகப்பிரவேசம், காதுகுத்து, வீட்டில் யாராவது மலைக்கு மாலை போட்டிருப்பது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அதற்குக் கோயில் மாத்திரை என்று பேர் வைத்தவள் நான். அந்தக் காலத்தில் எனக்கு அது பெரிய ஹாஸ்யமாகத் தெரிந்தது.

டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாதுதான். ஆனால் இந்த ஊரில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு அதைக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். எங்கள் கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம். திங்கட்கிழமை மனுக் கொடுக்க வருகிற ஜனம், ஆபீஸ் பெண்கள், புது வீடு கட்டிக் குடிவந்தவர்கள் என்று எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். முதலாளி வருவது சாயங்காலம்தான். மருந்தாளுநர் படிப்புப் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் பகலெல்லாம் கடை என் ராஜ்ஜியம். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மாத்திரையோடு ஒரு அதட்டலையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மாத்திரையை என் தம்பி பொண்டாட்டிக்குக் கொடுத்தேன். ஏழு நாள் கழித்து அவள் மறுபடியும் வந்து கேட்டபோது கொடுக்கவில்லை. கொடுத்தது தப்பா, கொடுக்காதது தப்பா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டில் ஒன்று தப்பு என்பது மட்டும் தெரியும்.

தம்பி கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களை பெங்களூரு, சென்னை விமான நிலையங்களிலிருந்து ஏற்றிவந்து இறக்கி, திரும்பவும் கொண்டுபோய் விடுகிற வேலை. தூங்காமல் ஓட்டுவதற்கு இன்னொரு டிரைவர் கொடுத்த ஒரு பொடியில் ஆரம்பித்தது. கல்கண்டை உடைத்தமாதிரி இருக்கும். ஐஸ் என்பார்கள். சூடு பண்ணிப் புகையை இழுப்பது. இழுத்தால் இரண்டு நாளைக்குத் தூக்கமும் வராது, பசியும் வராது, உலகமே தன் கைக்குள் இருப்பதுபோல் இருக்குமாம்.

அவன் பொண்டாட்டி அங்கேயே ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் செய்தாள். காரம் கம்மியாகப் போட்டு இட்லி, சாம்பார், கேழ்வரகுக் கஞ்சி என்று அந்த ஜனங்களுக்குத் தோதாகச் செய்வதில் கெட்டிக்காரி. விடிவதற்கு முன்னால் போகவேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை. ஒருநாள் களைப்பில் கொதிக்கிற கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். அப்போது அவன்தான், "இதை ஒரு இழுப்பு இழு, களைப்பே தெரியாது" என்று கொடுத்திருக்கிறான். சொந்தப் புருஷன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அவன் ஒரு வருஷத்துக்குமேல் விட்டு விட்டு இழுத்தபிறகுதான் அது இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வந்தான். அவளுக்கு அதற்கு மூன்று மாதம் போதுமாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டே பேசுவாள். பள்ளிக்கூடம் விட்டு ஐந்து மணியாகியும் பிள்ளையைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை என்று வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தது இரண்டு முறை. இரண்டாவது முறை நான் பிள்ளையை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். என் வீட்டுக்காரர் இறந்து பத்து வருஷம், எனக்குப் பிள்ளையில்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண்பிள்ளை வந்த பிறகு என் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தது. காலையில் ஜடை பின்னுவதற்காகவே அரைமணி நேரம் முன்னால் எழுந்துகொள்வேன்.

இரண்டு பேரையும் டவுனில் ஒரு மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். வாரத்துக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை, வெளியூரிலிருந்து வந்துபோகிறவர். வயசானவர், நல்ல மனுஷர். "இதுக்குன்னு தனி மருந்து இன்னும் வரலைம்மா. வேற எதுக்கோ வந்த மருந்துங்களைத்தான் இதுக்குக் குடுத்துப் பார்க்கறோம். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கலை" என்று ஒளிக்காமல் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. நான்தான் கவரில் போட்டுக் கொடுப்பேன். அவன் கவர் ஒன்று, அவள் கவர் ஒன்று. மேலே எழுதியிருக்கிற காலை, இரவுகூட ஒரே எழுத்து. மாற்றிக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாது.

தம்பிக்குக் கேட்டது. இரண்டு மாதத்தில் முகம் தெளிந்து, பழையபடி சண்டை போடுகிற அளவுக்கு ஆகிவிட்டான். அவள் மூன்று வாரம் நன்றாக இருப்பாள். அப்புறம் ஒருநாள் போய் மறுபடியும் இழுத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுபடியும் மூன்று வாரம். மறுபடியும் சுவர்.

"நானும் அதே மாத்திரைதான் சாப்டறேன். நான் விட்டுட்டேன் இல்ல? அவளால ஏன் முடியலை? மனசு வெக்கலைக்கா, அவ்ளோதான்" என்பான் தம்பி. எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. ஆண்பிள்ளை குடித்துவிட்டு விழுந்துகிடந்தால் பரிதாபப்படுகிற தெரு, பெண்பிள்ளை இப்படி ஆனால் கதவைச் சாத்திக்கொள்கிறது. நானும் அந்தத் தெருவில்தான் வளர்ந்தவள்.

அவள் ஒருநாள் என்னிடம் சொன்னாள். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. அந்த வாரத்து மாத்திரைக் கவரை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா சிரிக்கமாட்டீங்களே?"

"சொல்லு, சிரிக்கிறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

"அந்த நாலு நாள் வர்றதுக்கு முன்னாடிதான் அண்ணி எனக்கு அது ரொம்ப இழுக்குது. உடம்பெல்லாம் எரிச்சலா வருது, எதுக்குன்னே தெரியலை. மத்த நாள்ல ஞாபகம் வந்தாலும் தள்ளிடறேன். அந்த ரெண்டு மூணு நாள்ல முடியலை. மாத்திரை போட்டாலும் கேக்கலை."

நான் சிரித்தேன். "எங்க கலெக்டர் ஆபீஸ் பொண்ணுங்க லீவு கேக்கறதுக்குத்தான் அந்தக் காரணம் சொல்லுவாங்க. நீ இதுக்கும் அதையே சொல்றியா?" என்றேன். நல்ல ஜோக் அடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அவளும் சேர்ந்து சிரித்தாள். கவரை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

டாக்டரிடம் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருக்கமாட்டாள். ஆம்பிளை டாக்டர், பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருப்பான். அவரும் கேட்டிருக்கமாட்டார். தூக்கம் வருதா, பசிக்குதா, இழுக்கணும்னு தோணுதா என்று தம்பியிடம் கேட்ட மூன்று கேள்வியையே அவளிடமும் கேட்பார். அவளிடம் வேறு கேள்வி ஒன்று கேட்க வேண்டியிருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் படவில்லை. பட்டிருக்க வேண்டியது எனக்கு. பெண்ணாகப் பிறந்து, மாதம் முழுக்க அந்த மாத்திரையை விற்றுக்கொண்டிருந்தவள் நான்.

இந்த ஊரில் எல்லாக் கணக்கும் பௌர்ணமிக் கணக்குதான். வாடகைக்கு ஆள் வருவது, பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்துவது, ஹோட்டலில் மாவு ஆட்டுவது எல்லாம் அதை வைத்துத்தான். தம்பியும் அப்படியே கணக்குப் போட்டான். அடுத்தடுத்து இரண்டு முறை அவள் சறுக்கியது பௌர்ணமியை ஒட்டியே வந்தது. "பௌர்ணமி ஆனா அவளுக்கு என்னமோ ஆகுதுக்கா. கூட்டம், விடுதில வேலை ஜாஸ்தி, கண்ட ஜனமும் வருது. அந்த நாளைத்தான் மாத்தணும்" என்றான். மாற்றுவதற்கு அவனே வழியும் கண்டுபிடித்தான். அடுத்த பௌர்ணமிக்கு அவள் வெறுங்காலோடு மலையைச் சுற்றவேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நாலு பேரும் போவது. சுற்றி முடித்து ராஜகோபுரத்துக்கு எதிரில் கற்பூரத்தைக் கையால் அணைத்து இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். செய்தால் பிள்ளையை அன்றே கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். செய்யாவிட்டால் பிள்ளை என்னிடமே இருந்துவிடட்டும், அவளும் அவள் அம்மா வீட்டைப் பார்க்கப் போகட்டும்.

அவளுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. பிள்ளை திரும்பி வருகிற நாள் என்று ஒன்று தெரிந்ததே, அதுவே போதும் என்று இருந்தாள். அந்த மாதம் முழுக்க நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணியதில்தான் விஷயம் தெரிந்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்கு மாதவிலக்கு வரவேண்டும்.

"அண்ணி, தீட்டோட எப்படி மலை சுத்தறது? இவர்கிட்ட சொன்னா, சாக்கு சொல்றேன்னு சொல்லுவாரு" என்று கடைக்கு வந்து அழுதாள்.

"இதுக்குப் போய் அழுவியா? என்கிட்ட என்ன இருக்குன்னு மறந்துட்டியா?" என்று இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்னால் ஆரம்பித்து நாளைக்கு மூன்று, கிரிவலம் முடிந்தவுடன் நிறுத்திவிடு, நிறுத்தின இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று நூறு பேருக்குச் சொல்கிற அதே பல்லவியை அவளுக்கும் சொன்னேன். அவள் சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளோடு இது சேருமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் யோசித்தேனா என்று இப்போது நிச்சயமில்லை.

அந்த ஐந்து நாளும் அவள் இருந்த மாதிரி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு ரசம் வைத்துவிட்டுப் போனாள். பல்லைக் கடிப்பது நின்றிருந்தது. "பிள்ளை வரப்போற சந்தோஷம்" என்றேன். "அதுவும்தான்" என்றாள். அதுவும்தான் என்றால் வேறு என்ன என்று கேட்டிருக்கலாம்.

பௌர்ணமி அன்று விடிந்த கையோடு நடக்க ஆரம்பித்தோம். கூட்டம் சாயங்காலத்துக்குமேல்தான் நெரியும், காலையில் கொஞ்சம் மூச்சுவிடலாம். பிள்ளை பாதி தூரம் நடந்தது, மீதி தூரம் அப்பன் தோளில். செங்கம் ரோட்டில் அவள் வேலை செய்கிற விடுதிச் சந்து வந்தபோது நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. எம லிங்கத்தில் விபூதி வாங்கிப் பிள்ளை நெற்றியில் வைத்துவிட்டு, என் நெற்றியிலும் வைத்தாள். பத்து மணிக்குக் கோபுரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தோம். தார் சுட்டது. தம்பி கற்பூரத்தை ஏற்றினான். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், எடுக்கவேண்டிய நேரத்துக்குமேல் வைத்திருந்தாள். பிள்ளைதான், "அம்மா, கை சுடும்" என்று இழுத்தது.

அன்றைக்கே பிள்ளையின் துணிமணி, புத்தகம், ஜடைக்குஞ்சம் எல்லாம் ஒரு பையில் போட்டு அனுப்பிவைத்தேன். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன் என்று சொல்லவேண்டும். ஆனால் அடுத்தநாள் காலையில் அரைமணி நேரம் முன்னாலேயே எழுந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கும் அடுத்த நாள், நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள். பிள்ளை சீருடையில் இருந்தது. நான் ஒரு இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன், ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று சப்பிக்கொண்டிருந்தது. அவள் கவுண்டர் கண்ணாடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முகத்தில் வேர்த்திருந்தது. கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் போகிறவரைக்கும் காத்திருந்தாள், எல்லாப் பெண்களையும்போல.

"அண்ணி, அந்த மாத்திரை இன்னும் ஒரு அட்டை குடுங்க."

"எதுக்கு? கிரிவலம்தான் முடிஞ்சுதே."

"முடிஞ்சுது அண்ணி. ஆனா அது சாப்டறப்ப நல்லா இருந்தேன். நிறுத்தினதுலேர்ந்து மறுபடியும் வருது. நேத்துலேர்ந்து இழுக்குது. இந்த ரெண்டு மூணு நாள் தாண்டிட்டேன்னா போதும்."

"அது என்ன மிட்டாயா, கேட்டப்பல்லாம் குடுக்க? உடம்பு கெட்டுடும். டாக்டரைப் பாரு."

"அவர் வெள்ளிக்கிழமைதானே அண்ணி வருவாரு?"

"அப்ப வெள்ளிக்கிழமை போ." அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடவில்லை. "உனக்கு எதையாவது ஒண்ணைப் போட்டுக்கிட்டே இருக்கணும், இல்ல? அதை விட்டா இது. சத்தியம் பண்ணி முழுசா மூணு நாள் ஆகலை."

நான் சொன்னது மருந்தாளுநர் சொல்லவேண்டிய பதில்தான். சீட்டு இல்லாமல், காரணம் இல்லாமல் அந்த மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கக்கூடாது. யாரிடம் கேட்டாலும் நான் செய்தது சரி என்பார்கள். கேட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏழு நாளுக்கு முன்னால் இதே சட்டம் எங்கே போயிருந்தது? சாமிக்கு என்றால் கொடுக்கலாம், அவளுக்கு என்றால் கூடாதா?

அவள் கோபப்படவில்லை. "சரி அண்ணி" என்றாள். "பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. விடுதில ஓனரம்மா வரச்சொன்னாங்க. போயிட்டு வந்துடறேன்."

பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளித்துப் பயனில்லை. ராத்திரி சாப்பாடு என் வீட்டில்தான் என்று அப்போதே மனசுக்குள் தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அந்த ஆசை என் "இல்லை"க்குள் இருந்ததா? பிள்ளை என்னிடமே இருந்துவிடட்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்ததா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை.

அவள் போனபிறகு கண்ணாடியில் அவள் உள்ளங்கை பதிந்திருந்தது. வேர்வை அச்சு, ஐந்து விரலும் சுத்தமாக. கண்ணாடி அழுக்காக இருந்தால் எனக்குப் பொறுக்காது. துணியை எடுத்துத் துடைத்தேன்.

மறுநாள் காலையில் விடுதியின் பின்கட்டில், அரிசி மூட்டை வைக்கிற அறையில் அவளைப் பார்த்தார்கள். நெஞ்சு நின்றுபோயிருந்தது. ஓனரம்மா அவளை வரச்சொல்லவே இல்லையாம். சில மாதமாகப் பெரும்பாலும் விட்டிருந்த உடம்பு, பழைய அளவை ஒரே மூச்சில் இழுத்தால் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுடைய புடவையில் மாதவிலக்கின் கறை இருந்ததாக அவளைக் குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி என் காதோடு சொன்னாள். நான் கணக்குச் சொன்னேனே, நிறுத்தின இரண்டு மூன்று நாளில் வரும் என்று. சரியாக வந்திருந்தது.

காரியம் முடிந்து அவர்கள் வீட்டை ஒழிக்கப் போனபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் எங்கள் கடையின் மாதக் காலண்டர் தொங்கியது. நான்தான் வருஷா வருஷம் கொடுப்பேன். அதில் எல்லாப் பெண்களும் போடுவதுபோல மாதாமாதம் ஒரு நாளில் சின்ன வட்டம். அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னால் ஒரு பெருக்கல் குறி, அவள் சறுக்கின நாள். நான் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பௌர்ணமியை விட்டு வட்டம் தள்ளிப்போன மாதங்களில் பெருக்கல் குறியும் அதோடு தள்ளிப்போயிருந்தது. கடைசித் தாளில் அந்த மாத்திரை சாப்பிட்ட நாள்களின் கட்டங்களில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தாள். நல்லா இருக்கேன். நல்லா இருக்கேன். நல்லா இருக்கேன்.

அந்தக் காலண்டரைத் தம்பியிடம் காட்டினேன். "இப்ப இதை வெச்சு என்னக்கா பண்றது?" என்றான். அதற்குமேல் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து அந்த மனநல டாக்டரின் கிளினிக்குக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார், சின்ன வயசு. மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தவரைப் பிடித்து உட்காரவைத்து, காலண்டரை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம்க்கா" என்றார். "மாசத்துல அந்த நாளுங்க வரும்போது உடம்புக்குள்ள சுரக்கிற ஹார்மோன் கம்மியாகும். அப்ப சில பொம்பளைங்களுக்கு இந்த ஆசை ஜாஸ்தியாகுதுன்னு சொல்றாங்க. நீங்க குடுத்ததும் கிட்டத்தட்ட அந்த ஜாதி மருந்துதான். ஆனா அதுதான் அவங்களைப் பிடிச்சு வெச்சுதுன்னு என்னால சொல்ல முடியாது. இதுக்குக் குடுக்கற மருந்தையெல்லாம் ரொம்ப காலமா ஆம்பளைங்களை வெச்சுத்தான் ஜாஸ்தி பார்த்திருக்காங்க. பொம்பளைக்கு எப்படிக் கேக்கும்னு இப்பத்தான் கேக்கவே ஆரம்பிச்சிருக்காங்க."

"நான் அன்னிக்கு ஒரு அட்டை குடுத்திருந்தா?"

அவர் காலண்டரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "தெரியாதுக்கா" என்றார். தப்பு உன்மேல் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். தெரியாது என்றதுதான் நிலைத்துவிட்டது.

பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் பௌர்ணமிக்கு முந்தின வாரம், மூன்றரை மணிக்குமேல், காத்திருந்து குரலைத் தாழ்த்துகிற எந்தப் பெண்ணின் உருவத்திலும் அவள்தான் வந்து நிற்கிறாள். நான் கவுண்டரில் கண்ணாடி துடைப்பதில்லை. முதலாளி வந்து திட்டிவிட்டு அவரே துடைத்துக்கொள்கிறார். மாத்திரை கேட்கிறவர்களிடம் இப்போது நான் கேள்வி கேட்கிறேன். அந்த நாளுக்கு முன்னால் எப்படி இருக்கும், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய், டாக்டரிடம் காட்டினாயா என்று. பாதிப் பேர் இந்தம்மாவுக்கு என்ன வந்தது என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

தம்பி இன்றுவரைக்கும் அதைத் தொடவில்லை. வேறு கல்யாணம் செய்துகொண்டு செங்கத்தில் இருக்கிறான். நல்லபடியாகத் திருந்தியவன் என்று சொந்தக்காரர்கள் அவனை உதாரணம் காட்டுகிறார்கள். பிள்ளை என்னிடமே இருக்கிறாள். ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இந்த வருஷம்தான் வயசுக்கு வந்தாள். அம்மாவைப்பற்றி அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆறு வயசில் நடந்தது, மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்னால், கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, அப்பா போன் பண்ணாரு. பௌர்ணமிக்கு மலை சுத்தக் கூட்டிட்டுப் போறாராம். எனக்கு அன்னிக்கு ஆயிடும்போல இருக்கு. அந்த மாத்திரை குடுக்கறீங்களா?"

"எந்த மாத்திரை?" என்றேன். அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று கேட்டேன்.

அவள் எழுந்து வந்து, எனக்கு முன்னால் அந்த இழுப்பறையைத் திறந்து, தேடாமல் சரியான அட்டையை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள். "இதுதானே?"

கடையில் யாரும் இல்லை. ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஐந்து வருஷமாக அவளிடம் சொல்லாததைச் சொல்லாமல் அந்த அட்டையைக் கொடுக்கவும் முடியாது, பிடுங்கி உள்ளே வைக்கவும் முடியாது என்று தெரிந்தது.

"கண்ணு, உங்கம்மா கடைசியா இங்க வந்தப்ப இதைத்தான் கேட்டா. நான் குடுக்கலை. திட்டி அனுப்பிச்சுட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிமேல் இருந்த அட்டையை விரலால் கொஞ்சம் நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "நான் இங்கதானே நின்னுட்டிருந்தேன்."